அம்மா விற்ற ஆம்பெர்க் துவக்கு

கிங்ஸ்பரி, லண்டன்
8 ஒக்டோபர் 2006

மதிப்புக்குரிய டொக்டர் வைத்தியநாதன் அவர்களுக்கு,

என் பெயர் துஷ்யா. கிருஷ்ணராசாவின் மகள். வயது பதினான்கு. போன மாதம் ஒரு சனிக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, வரவேற்பறைச் சுவரில் இருந்த பழைய ஜேர்மன் இராணுவத் துவக்கை என் அம்மாவிடம் வாங்கிச் சென்றீர்கள். நான் அப்போது தமிழ்ப் பள்ளியில் இருந்தேன். திரும்பி வந்தபோது சுவரில் இரண்டு ஆணிகளும், அவற்றுக்கு நடுவே வெயில் படாமல் நிறம் மங்காத ஒரு நீளத் துண்டும்தான் இருந்தன.

அந்தத் துவக்கைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நீங்கள் தந்த பணத்தை அம்மா இன்னும் தொடவில்லை.

விற்பதற்கு அப்பா சம்மதித்துவிட்டார் என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். அது உண்மையல்ல. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அவர் ஸ்டுட்கார்ட்டில், பெரியப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார். பெரியப்பாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை. பழைய ஆயுதச் சந்தையில் அப்பாவைச் சந்தித்தபோது நீங்கள் கொடுத்த கார்ட் மேசை லாச்சியில் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மா உங்களை அழைத்தார்.

என் அம்மா பொய் சொல்கிறவர் அல்ல. அடுத்த வாரம் ஊரில் இருந்து கொழும்பு வழியாக என் சின்னம்மா வருகிறார். அம்மாவின் ஒரே தங்கை. அவருடைய கணவரை யாரோ துவக்கோடு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் பார்ப்பது ஒரு துவக்காக இருக்கக் கூடாது என்று அம்மா நினைத்தார். நான் அம்மாவாக இருந்தாலும் அதைக் கழற்றித்தான் இருப்பேன். ஆனால் கேட்டுவிட்டுக் கழற்றியிருப்பேன்.

என் பயம் இதுதான். அப்பாவுக்குக் கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார். தங்கமான மனுசன் என்று வெளியில் உள்ளவர்கள் சொல்வார்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். நாங்கள் ஜேர்மனியில் இருந்தபோது, லண்டனுக்கு மாறுவது பற்றி ஒரு வாக்குவாதம் வந்து, அப்படிப் போனார். பெரியப்பா வீட்டுக்குத்தான். குளிர்காலம் முழுவதும் வரவில்லை. இப்போது அதே வீட்டில்தான் இருக்கிறார். விஷயம் தெரிந்தால் அவர் போக வேண்டியதுகூட இல்லை. திரும்பி வராமல் இருந்தால் போதும்.

தயவுசெய்து பதிலை எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். உறையில் உள்ள முகவரி சற்குணம் அங்கிளின் கடை. அவர் என்னிடம் பத்திரமாகத் தருவார்.

இப்படிக்கு,
துஷ்யா கிருஷ்ணராசா


சட்டன், லண்டன்
13 அக்டோபர் 2006

அன்புள்ள துஷ்யாவுக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி சுலோச்சனாவிடம் கொடுத்தேன். இந்தப் பதிலையும் அவள் படித்த பிறகுதான் உறையில் போடுவேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு அவள் அம்மாவுக்குத் தெரியாமல் கடை முகவரிக்குக் கடிதம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் நீயே அம்மாவிடம் சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் போன் செய்து சொல்ல வேண்டியிருக்கும்.

உன் அம்மா என்னிடம், "அவருக்கு ஓம், நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார். பயத்தம் பணியாரம் கொடுத்தார். நான் துப்பாக்கியைப் பார்த்த பார்வையில் அவர் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். மயக்க மருந்து டாக்டராக வேலை பார்த்த காலம் முழுக்க நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே என் தொழில். அன்றைக்குக் கோட்டை விட்டேன்.

இருந்தாலும், உடனே "எடுத்துக்கொண்டு போ" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் சுலோச்சனா என்னைச் சுவர்க் கடிகாரம் வாங்கச் சந்தைக்கு அனுப்பினாள். நான் ஒரு ஜெர்மன் துப்பாக்கியோடு திரும்பினேன். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். 1871ஆம் வருட மாடல் இது. பல ஊர்த் தொழிற்சாலைகளில் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் கிரீடமும் ஊர்ப் பெயரும் பொறித்திருக்கும். ஊருக்கு ஒன்றாகச் சேர்த்துவந்தேன். ஆம்பெர்க் மட்டும் அகப்படவே இல்லை. என் தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து தேடியது உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. துப்பாக்கியின் உடம்பில் உள்ள எண் 47 என்று முடிகிறது. உன் அம்மா ஒரு துணியில் சுற்றித் தனியாகக் கொடுத்த போல்ட்டில் 82 என்று இருக்கிறது. பின்னால் இழுத்துத் தள்ளும் அந்த இரும்புத் துண்டு இல்லாமல் துப்பாக்கி வெறும் குழாய். எண் மாறிய போல்ட் என்பது, அடுத்தவர் பல்செட்டை வாயில் மாட்டிக்கொண்டதைப் போல. பொருந்தும், ஆனால் பார்க்கச் சகிக்காது. 47 உங்கள் வீட்டில் இருக்கிறதா?

சுலோச்சனா சொல்கிறாள்: "குழந்தை என்ன கேக்கறா, நீங்க என்ன கேக்கறேள்?" அவள் சொல்வதும் நியாயம்தான்.

அன்புடன்,
வைத்தியநாதன்


கிங்ஸ்பரி
19 ஒக்டோபர் 2006

அன்புள்ள டொக்டர் அங்கிளுக்கு,

உங்கள் கடிதத்தைத் தரும்போது சற்குணம் அங்கிள், "என்ன பிள்ளை, சட்டனிலை இருந்து லவ் லெட்டரோ?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "ஓம் அங்கிள், ரிட்டயர் ஆன டொக்டர் ஒருவர்" என்றேன். அவர் உடனே கல்லாப் பக்கம் திரும்பிவிட்டார்.

47 இங்கேதான் இருக்கிறது.

அப்பாவிடம் இரண்டு துவக்குகள். ஒன்று உங்களிடம். மற்றது ஓபெர்ன்டோர்ஃபில் செய்தது. கட்டிலுக்குக் கீழே கம்பளியில் சுற்றி இருக்கிறது. ஜேர்மனியில் அப்பா முதல் துவக்கை வாங்கி வந்த அன்று அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாராம். "துவக்கு சுவரிலை இருக்கலாம். அதின்ரை உயிர் என்னட்டை இருக்கோணும்" என்றாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் அது. போல்ட் இரண்டும் அம்மாவிடம். அவர் எங்கே ஒளித்து வைக்கிறார் என்று அப்பா கேட்கக் கூடாது. ஆயுத பூசையன்று மட்டும் அம்மா அவற்றை வெளியே எடுப்பார். அப்பா பேப்பர் விரித்து எண்ணெய் போடுவார். இரண்டையும் துவக்குகளில் பூட்டி, என் புத்தகங்களோடும் அம்மாவின் தையல் மெஷினோடும் படைத்து, சந்தனம் பூசுவோம். அடுத்த நாள் காலை அம்மாவே ஸ்குரூ ட்ரைவரால் கழற்றி எடுத்துக்கொண்டு போவார். அவருக்கு எண்கள் தெரியாது. இரும்பு என்றால் இரும்பு. அரிசி வாளிக்குள் இருந்ததை உங்களுக்குத் தந்திருக்கிறார். கூறைச்சேலைப் பெட்டிக்குள் இருந்ததை நேற்று நான் எடுத்துப் பார்த்தேன். 47.

இந்த வருடம் ஆயுத பூசை நடக்கவில்லை. அப்பா இல்லை அல்லவா?

நான் இரகசியமாக 47ஐப் புத்தகப் பைக்குள் வைத்து, ரெயினில் வந்து உங்களிடம் தந்துவிட்டு 82ஐ வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதோடு நீங்கள் மனம் மாறினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

நீங்கள் உங்கள் காரணத்தைச் சொன்னீர்கள். அப்பாவின் காரணத்தையும் சொல்கிறேன். துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு வந்த மனிதர் ஏன் துவக்கு வாங்குகிறார் என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்தார். "பிள்ளை, உதுக்கு வெடி இப்ப உலகத்திலை ஒருத்தரும் செய்யிறேல்லை. உது பென்சன் எடுத்த துவக்கு. எல்லாத் துவக்கும் ஒருநாள் இப்பிடிச் சுவரிலை தூசு பிடிக்கத்தான் போகுது. நான் முன்கூட்டியே பாக்கிறன், அவ்வளவுதான்" என்றார். பிறகு தூசு தட்டப் போய்விட்டார்.

சின்னம்மா வந்துவிட்டார். பெயர் பாலாம்பிகை. மிகவும் மெலிந்து இருக்கிறார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார். சுவரில் உள்ள ஆணிகளை அவர் பார்த்தார். அம்மா அந்த இடத்தில் உடனே ஒரு கலண்டரை மாட்டினார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன்.

அன்புடன்,
துஷ்யா


சட்டன்
23 அக்டோபர் 2006

அன்புள்ள துஷ்யாவுக்கு,

முதலில் ஒரு கட்டளை. அந்த இரும்பை எடுத்துக்கொண்டு நீ ரயில் பக்கம் போகவே கூடாது. போன வருடம் ஜூலையில் இந்த ஊர் ரயில்களில் குண்டு வெடித்த பிறகு போலீஸ் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நம் நிறத்தில் ஒரு குழந்தை, புத்தகப் பைக்குள் துப்பாக்கியின் பாகத்தோடு, அதுவும் பாதாள ரயிலில்! சுலோச்சனா என்னைத் திட்டினாள். "எண், எண்ணுன்னு நீங்க எழுதினதாலதானே அவ இப்படி யோசிக்கறா?" 47 இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பழைய துப்பாக்கியை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ள இங்கே லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அது சுவரில் இருக்கும் வரைதான் அலங்காரம்.

உன் அப்பா சொன்னதை இரண்டு முறை படித்தேன். நான் இத்தனை வருடம் சேர்த்தும் ஏன் சேர்க்கிறேன் என்று யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. வரிசை நிறைய வேண்டும் என்பதைத் தவிர எனக்குக் காரணமே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு இருக்கிறது.

ஆனாலும் உன்னிடம் நல்லவன் வேஷம் போடமாட்டேன். ஆம்பெர்க்குக்காக நான் புதிதாக ஒரு தாங்கி செய்து மாட்டிவிட்டேன். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். கொடுக்க மனம் இல்லை. இது உன் அப்பாவும் நானும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அதற்கு முதலில் உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். இன்னும் இரண்டு வாரம் பொறுப்பேன். பிறகு போன் செய்வேன். இது மிரட்டல் இல்லை, கண்ணு. பெரியவர்கள் செய்த சிக்கலை நீ ஒருத்தி தூக்கிக்கொண்டு அலைகிறாய். அதை இறக்கி வை.

அன்புடன்,
வைத்தியநாதன்


கிங்ஸ்பரி
7 நவம்பர் 2006

அன்புள்ள டொக்டர் அங்கிளுக்கு,

இறக்கி வைத்துவிட்டேன். அது உடைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வாண வேடிக்கை. நான் தீபாவளியைப் பற்றித்தான் யோசித்து வைத்திருந்தேன். அன்று கொஞ்சம் பட்டாசுதான், சின்னம்மா காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் வருடாவருடம் வாணம் விடும் நவம்பர் ஐந்தை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். பின்தெருவில் முதல் வாணம் வெடித்ததும் சின்னம்மா சாப்பிட்ட கையோடு எழும்பி ஓடினார். எங்கே என்று தேடினோம். படிகளுக்குக் கீழே, வாக்கூம் கிளீனர் வைக்கும் இடத்தில், முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு இருந்தார். அம்மாவும் அதற்குள் நுழைந்து அவரைக் கட்டிப் பிடித்தபடி இருந்தார். அந்த இடத்தில் ஒருவர் இருப்பதே கஷ்டம். நான் வெளியே நிலத்தில் இருந்து, சின்னம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஓய்ந்த பிறகு வெளியே வந்தோம். அம்மா தேத்தண்ணி போட்டார். சின்னம்மாவுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுவதற்காகக் கலண்டரைக் காட்டி, "உதுக்குப் பின்னாலை என்ன அக்கா இருந்தது? ரெண்டு பெரிய ஆணி அடிச்சிருக்கு" என்று கேட்டார்.

நான் சொன்னேன். "துவக்கு சின்னம்மா. நூற்று முப்பது வருடப் பழசு. நீங்கள் பயப்படுவீர்கள் என்று அம்மா வித்துப்போட்டா."

சின்னம்மா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"விசரி அக்கா! எங்கடை கேற்றடியிலை ஆறு வருசம் ஆமிக்காரன் சென்றிக் காவல் நிண்டவன். துவக்கைக் கண்டு பயந்திருந்தால் நான் முற்றம் கூட்டியிருக்கேலாது. எனக்கு மேலையிருந்து வாறதுதான் பயம். பிளேன், ஷெல், உந்த வாணம். சுவரிலை தொங்கிற இரும்புக்கு ஆரும் பயப்படுவினமே?"

அம்மா கோப்பையை வைத்துவிட்டு அழுதார். அப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்து, உங்களுக்குக் கடிதம் எழுதியதையும் சொன்னேன். அம்மா கரண்டியை எடுத்தார். சின்னம்மா நடுவில் வந்தார். பிறகு அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டுட்கார்ட்டுக்கு அழைத்தார்.

அப்பாவிடம் முழுவதையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் "சரி" என்றார். அந்த ஒரு சொல் மட்டும்தான். பிறகு போனை வைத்துவிட்டார்.

நேற்றும் இன்றும் அம்மா அழைத்தார். பெரியப்பாதான் எடுக்கிறார். "அவன் கடையிலை நிக்கிறான் பிள்ளை, பிறகு எடுப்பான்" என்கிறார். எடுக்கவில்லை.

நான் எழுதாமல் இருந்திருந்தால், சொல்லாமல் இருந்திருந்தால், அப்பா வீட்டுக்கு வந்த பிறகாவது பார்த்திருப்பார். வந்தவர் போவதைவிட வராமல் இருப்பது சுலபம்.

துஷ்யா


சட்டன்
9 நவம்பர் 2006

அன்புள்ள குழந்தை,

நேற்று மாலை உன் பெரியப்பா வீட்டுக்கு நானும் போன் செய்து பார்த்தேன். நம்பரை உன் அம்மாதான் கொடுத்தார். உன் அப்பா பேச வரவில்லை. நான் சொல்ல நினைத்ததைப் பெரியப்பாவிடம் சொல்லி வைத்தேன்: ஆம்பெர்க் உங்கள் வீட்டுப் பொருள். தாங்கியிலிருந்து இறக்கிவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் காரில் கொண்டுவந்து தருகிறேன்.

தாங்கி காலியாக இருப்பது உறுத்துகிறதுதான். ஆனால் உன் கடிதம் வந்த பிறகு அதில் துப்பாக்கி இருந்ததுதான் அதிகமாக உறுத்தியது.

சொன்னது தப்பு என்று நினைக்காதே. உண்மையைக் கேட்டுவிட்டு ஒருவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்துக்குப் பொறுப்பு அவர்தான், நீ இல்லை.

சுலோச்சனா உன் அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை.

அன்புடன்,
வைத்தியநாதன்


கிங்ஸ்பரி
18 நவம்பர் 2006

அன்புள்ள டொக்டர் அங்கிளுக்கு,

அம்மா போய்விட்டார்.

பயப்படாதீர்கள். ஸ்டுட்கார்ட்டுக்குத்தான் போயிருக்கிறார். தனியாக, விக்டோரியாவில் இருந்து கோச்சில். என் அம்மா வெம்ப்ளிக்குப் போவதற்கே என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவர். வியாழக்கிழமை நான் பள்ளியால் வந்தபோது குளிருக்குப் போடும் பெரிய கோட்டோடு வாசலில் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாளைக்குக் கறி சமைத்து வைத்திருந்தார்.

"எங்கையம்மா?" என்று கேட்டேன்.

"கொப்பரிட்டை. அவருக்கு மட்டும்தான் சப்பாத்துப் போடத் தெரியுமெண்டு நினைக்கிறாரோ?"

"கதைக்காட்டி?"

"கதைக்கிற வரைக்கும் கடை வாசலிலை குந்தியிருப்பன். சனம் பாத்துச் சிரிச்சால் அவரின்ரை தமையனுக்குத்தானே வெட்கம், எனக்கென்ன?"

போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "சின்னம்மாவைப் பார்" என்றார். சின்னம்மாவிடம் "பிள்ளையைப் பார்" என்றார். இப்போது நாங்கள் இருவரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மா ஒரு தடவை அழைத்து "வந்து சேர்ந்திட்டன்" என்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

சின்னம்மா கலண்டரைக் கழற்றிவிட்டார். ஆணிகள் இருக்கட்டுமாம்.

எனக்குப் பிரெஞ்சுப் பரீட்சை இருக்கிறது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். டொக்டர் அங்கிள், இரண்டு பேரும் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது?

துஷ்யா


சட்டன்
21 நவம்பர் 2006

அன்புள்ள துஷ்யா,

உன் அம்மா மாதிரி ஒரு பெண்மணி கடை வாசலில் உட்கார்ந்தால் எந்தக் கடையும் தாங்காது. வருவார்கள். பிரெஞ்சு படி.

சுலோச்சனா எலுமிச்சை சாதமும் வடாமும் கட்டித் தரப்போகிறாள். புதன்கிழமை காரில் கொண்டுவந்து உன் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஆம்பெர்க்கைக் கொண்டுவரமாட்டேன். அதை உன் அப்பா கையில்தான் கொடுப்பேன்.

வைத்தியநாதன்


கிங்ஸ்பரி
28 நவம்பர் 2006

அன்புள்ள டொக்டர் அங்கிளுக்கு,

வந்துவிட்டார்கள்! இரண்டு பேரும்! ஞாயிறு காலை, ஒரே கோச்சில்.

ஆனால் எனக்கு இன்னும் நிம்மதி இல்லை. அப்பா என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல், "எப்ப இவ்வளவு வளர்ந்தனி?" என்று கேட்டார். சின்னம்மாவிடம் ஊர்க் கதை கேட்டார். சுவரைப் பார்த்தார். அம்மாவோடு "உப்பு எங்கை", "குளிருது" என்ற அளவில் கதைக்கிறார். கோபமா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய சப்பாத்து வாசலில்தான் இருக்கிறது. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று இரவுச் சாப்பாட்டில் அப்பா, "போல்ட் ரெண்டும் எங்கை?" என்று கேட்டார். கேட்கக் கூடாத கேள்வி. அம்மா எழுந்து போய், ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மற்றது உங்களிடம் என்றார். "ஞாயிற்றுக்கிழமை சட்டனுக்குப் போவம்" என்றார் அப்பா. "நானும் வாறன்" என்றார் அம்மா. "வாரும்" என்றார் அப்பா. இதிலிருந்து நீங்கள் ஏதாவது விளங்கிக்கொண்டால் எனக்குச் சொல்லுங்கள்.

என்னை வரவேண்டாம் என்கிறார்கள். சின்னம்மாவுக்குத் துணையாம். ஆகவே தயவுசெய்து நடந்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுதாதீர்கள். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
துஷ்யா


சட்டன்
4 டிசம்பர் 2006

அன்புள்ள துஷ்யாவுக்கு,

நேற்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். உன் அப்பா என் அறைக்குள் வந்து சுவரில் இருந்த வரிசையை நிதானமாகப் பார்த்தார். ஸ்பாண்டவ், டான்சிக், எர்ஃபுர்ட் என்று ஊர்ப் பெயர்களை மெதுவாகப் படித்தார். காலியாக இருந்த தாங்கியில் கையை வைத்தார். நீ கேட்டதால் சொல்கிறேன், முகம் கல் மாதிரி இருந்தது.

ஆம்பெர்க்கைப் போர்வையில் சுற்றி மேசையில் தயாராக வைத்திருந்தேன். அதைப் பிரித்து 82ஐக் கழற்றி 47ஐப் போட உட்கார்ந்தோம். போல்ட் வெளியே வராமல் தடுக்கும் சின்னத் திருகாணி இருக்கிறதல்லவா, அது அசையவே இல்லை. நான் முயன்றேன். உன் அப்பா முயன்றார். "தள்ளுங்கோ" என்று ஒரு குரல். உன் அம்மா வந்து, எங்கள் இரண்டு பேர் கையையும் விலக்கி, ஸ்குரூ ட்ரைவரை வாங்கி, முதலில் கொஞ்சம் இறுக்கிப் பிறகு தளர்த்தினார். வந்துவிட்டது. "வருசா வருசம் கழட்டுறது ஆரெண்டு நினைச்சீங்கள்?" என்றார். 47 பூப்போல உள்ளே போனது.

"கொண்டுபோங்கள்" என்றேன். அங்கேதான் ஆரம்பித்தது.

உன் அப்பா சொன்னார்: "வேண்டாம் டொக்டர். உங்கடை வரிசையிலை இருக்கட்டும்."

உன் அம்மா: "ஏன் வேண்டாம்? நான் வித்ததெண்டு காலம் முழுக்க மனசிலை வச்சிருக்கவோ? எடுங்கோ, வீட்டை கொண்டுபோவம்."

"நான் எப்ப மனசிலை வச்சனான்?"

"எப்ப வைக்கேல்லை? வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்! வச்சுக்கொண்டு கோச் ஏறிப் போற ஆள்தானே நீங்கள்!"

சுலோச்சனா காப்பித் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். உன் அப்பா எழுந்தார். நான் நேராக அவர் காலைத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் செருப்பை வாசலில் விடுவதால் வெறும் சாக்ஸ்தான். கதவு அவருக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு உன் அம்மா பக்கம் திரும்பினார்.

"கோபம்தான்!" என்றார். துஷ்யா, அந்தச் சத்தத்தில் என் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. "எனக்குச் சரியான கோபம்! என்னைக் கேக்காமல் வித்தீர்! கேட்டிருந்தால் நானே கழட்டித் தந்திருப்பன்! உம்மடை தங்கச்சி எனக்கும் தங்கச்சி இல்லையோ? அதைக்கூட நீர் நம்பேல்லை! சொல்லிட்டன். காணுமே?"

"காணாது" என்றார் உன் அம்மா. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். உன் அம்மாவும் சொன்னார். துப்பாக்கி எங்கேயோ போய்விட்டது. ஜெர்மனியை விட்டு வந்தது, ஒரு குளிர்காலம், யாரோ ஒரு மச்சாள் கல்யாணத்தில் சொன்ன சொல், இப்படிப் போனது பேச்சு. பாதி எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு மிஸ்டர் ஹார்பர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். நான் கையை ஆட்டி "ஆல் வெல்" என்று சைகை காட்டினேன். சுலோச்சனா என் காதில் சொன்னாள், "நடுவுல போகாதீங்கோ. நல்லா இருக்கு."

கடைசியில் உன் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. உட்கார்ந்தார். உன் அம்மா ஆறிப்போன காப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, "இதென்ன, பச்சைத் தண்ணியாக் கிடக்கு" என்றார். அதற்கும் சத்தமாகத்தான்.

ஆம்பெர்க்கைத் தாங்கியில் வைத்தது உன் அப்பாதான். அவர் முடிவை நான் மாற்றப் பார்த்தேன், நடக்கவில்லை. "வரிசை முடியட்டும் டொக்டர். நாங்கள் வந்து பாப்பம்" என்றார். 82ஐ உன் அம்மா தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

காரில் ஏறும்போதும் சண்டை ஓயவில்லை. எந்த வழியாகப் போவது என்று.

அன்புடன்,
வைத்தியநாதன்

பி.கு. சுலோச்சனா எழுதச் சொன்னது: பொங்கலுக்கு நாலு பேரும் இங்கே வரவேண்டும். உன் சின்னம்மாவுக்கு எங்கள் தோட்டத்து அறையைக் காட்ட வேண்டுமாம். அதன் மேல் விமானம் போவதில்லை.


கிங்ஸ்பரி
12 டிசம்பர் 2006

அன்புள்ள டொக்டர் அங்கிளுக்கும் சுலோச்சனா அன்ரிக்கும்,

உங்கள் கடிதத்தைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சத்தம் போட்டாரோ? உண்மையாவோ?" என்று அவர் நான்கு தரம் கேட்டார். நான்கு தரமும் அந்த இடத்தை வாசித்தேன்.

ஓபெர்ன்டோர்ஃப் துவக்கு இப்போது சுவரில் இருக்கிறது. சின்னம்மாதான் ஏணியைப் பிடித்தார். 82 எங்கே என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அரிசி வாளியில் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

பொங்கலுக்கு நிச்சயமாக வருவோம். சற்குணம் அங்கிள் இனி எனக்குக் கடிதம் வராதா என்று கவலைப்படுகிறார். வீட்டு முகவரிக்கே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இதை மேலே என் அறையில் இருந்து எழுதுகிறேன். கீழே அப்பாவும் அம்மாவும் ஹீட்டரை எந்த அளவில் வைப்பது என்று பெரிய சத்தமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். "உமக்கென்ன விசரே, இது லண்டனோ சஹாராவோ?" என்கிறார் அப்பா. நாளைக்கு எனக்கு விஞ்ஞானப் பரீட்சை. "கதவைச் சாத்திப்போட்டுப் படி பிள்ளை" என்று சின்னம்மா சொல்லிவிட்டுப் போனார்.

நான் சாத்தவில்லை.

அன்புடன்,
துஷ்யா